கறுப்புக் கோட்டும் நாலு ஊக்கும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு (சின்ன ர போட்டிருக்கிறேன், ஏன் என்பது கீழே வரும்),

டெய்லர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் தையல் மெஷினும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற உங்கள் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இதில் அண்ணனுக்கு மட்டும் மனதார எழுதியது, மற்றது முறைக்காக எழுதியது.

உங்கள் கறுப்புக் கோட்டு வியாழக்கிழமை காலை கடைக்கு வந்தது. உங்கள் மகன், அவர் எனக்கு இன்னமும் மாப்பிள்ளைதான், மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடிக் கடை வேலைக்குப் போய்விட்டார். காலரில் ஒரு துண்டுச் சீட்டு: நடு பட்டன் தைக்கணும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேணும். தொழில் வழக்கப்படி பைகளைத் துழாவினால் உள்பையில் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம். என் மகள் எல்லார் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற செக்யூரிட்டி வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் கல்யாணம் கிடையாது. கல்யாணத்தை நிறுத்துகிற கடிதத்தைப் பட்டன் தைக்கக் கொடுத்த கோட்டுக்குள்ளேயே வைத்து அனுப்புகிற மனிதரை என் முப்பத்தாறு வருஷத்துத் தொழிலில் இப்போதுதான் பார்க்கிறேன். சண்டை போடுகிறவர் வேறு டெய்லரைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? பார்க்க மாட்டீர்கள். அந்தக் கோட்டின் இடுப்பை மூன்று தடவை பிரித்து விட்டவன் நான். இனிமேல் விடுவதற்கு உள்ளே எத்தனை விரல் துணி மிச்சம் இருக்கிறது என்பது எனக்கும் கோட்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் எழுத்தே தெரியவில்லை. இரண்டாம் தடவை மரியாதை என்ற சொல்லை எண்ணினேன், பதினான்கு இடத்தில் இருக்கிறது. அதில் ஒன்பது இடத்தில் பெரிய ற போட்டு ‘மறியாதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து மூன்று வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவருக்கு எழுத்துப் பிழை வரும் என்று நான் நம்ப மாட்டேன். யோசித்துப் பார்த்தால் பிழையே இல்லை, நீங்கள் கேட்டதே அதுதான். உங்களை யாரும் மறிக்கக் கூடாது. வாசலில் மறிக்காமல் விட்டால் அது உங்களுக்கு மரியாதை, மறித்துக் கேட்டால் அவமரியாதை. அதற்குப் பெரிய ற போடுவதுதான் பொருத்தம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீங்கள் எழுதியிருக்கிற விதம் ஒன்று, எனக்குத் தெரிந்த விதம் ஒன்று. எனக்கு அதை மூன்று பேர் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் என் கடைக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னார், சம்பந்தியம்மா என் மனைவிக்குப் போன் செய்து அழுதுகொண்டே சொன்னார், என் மகள் சாப்பிட்டுக்கொண்டே “மாமா வந்தாரு, பாஸ் இல்ல” என்று நாலு வார்த்தையில் முடித்துக்கொண்டாள். பார்வை நேரம் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு வரை, ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரு ஆள். நீங்கள் வந்தது பகல் பன்னிரண்டு மணி. ஆள் ஐந்து. பாஸ் பூஜ்யம். அடிக்கிற வெயிலில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆன பிறகு, அந்தக் கறுப்புக் கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அவள் முதலில் வணக்கம் சொன்னாளா இல்லையா? சொன்னாள். அதை மட்டும் உங்கள் நாலு பக்கத்தில் எங்கேயும் காணோம். தலையை ஆட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்கு உள்ளே நடக்க, அவள் வாசல் சங்கிலியை இழுத்து மாட்டினாள்.

“நான் யாருன்னு தெரியுதா?” என்று கேட்டீர்களாம்.

“தெரியும் மாமா. பாஸ் இருக்கா?”

இதில் எந்த வார்த்தை திமிர் என்று எனக்குக் கொஞ்சம் விளக்குங்கள். தெரியும் என்றாள், மாமா என்றாள், கேட்க வேண்டியதைக் கேட்டாள். அதற்கு நீங்கள் கோட்டைத் தட்டிக் காட்டி, இந்தக் கோட்டுக்கு ஒரு மரியாதை இல்லையா என்று கத்த, கோட்டையும் சேர்த்து ஒரு ஆள்தான் மாமா, அதுவும் நாலு மணிக்கு மேலே என்று அவள் சொல்ல, வரிசையில் நின்ற சனம் சிரித்துவிட்டது. சிரித்தது அவள் குற்றமா? நீங்கள் மூச்சை இழுத்து நெஞ்சை விரித்த வேகத்தில் நடு பட்டன் தெறித்தது. அது நான் தைத்த பட்டன் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன், நான் தைத்திருந்தால் கோட்டு கிழிந்திருக்குமே தவிர பட்டன் போயிருக்காது. அந்தப் பட்டன் பாஸ் இல்லாமலே உருண்டு உள்ளே போய்விட்டது. அதை எடுக்க நானாவது உள்ளே போகலாமா என்று நீங்கள் கேட்க, அவளே போய்க் குனிந்து எடுத்து, தூசி தட்டி, உங்கள் கையில் கொடுத்தாள். அதற்கு நீங்கள் கொடுத்த பதில், “போயும் போயும் ஒரு வாட்ச்மேன் சட்டைய மாட்டிக்கிட்டு என்னையே கேள்வி கேக்குறியா?” இதைச் சம்பந்தியம்மா போனில் சொல்லக் கேட்டு, என் மனைவி அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து என்ன சொன்னீர்கள்? மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சொந்த மச்சானையே டிக்கெட் இல்லை என்று நடுவழி ஸ்டேஷனில் பெட்டி படுக்கையோடு இறக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். அந்த மச்சான் ஆறு வருஷம் உங்களோடு பேசவில்லை என்பதையும் பெருமையாகச் சொன்னீர்கள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம், என் மகள் மட்டும் ரொம்ப உன்னிப்பாகக் கேட்டாள். அவள் அன்றைக்கு உங்களைப் பெரிய மனிதர் என்று நினைத்துவிட்டாள். நீங்கள் செய்தால் அது கடமை, அதையே அவள் செய்தால் கொழுப்பா? உங்கள் கோட்டுக்கு மட்டும் மரியாதை தானாக வந்து காலில் விழ வேண்டும், என் மகள் சட்டைக்கு மட்டும் அவள் சம்பாதித்துக் காட்ட வேண்டுமா? அதுவும் யாரிடம், ஓய்வு பெற்ற கோட்டிடம். போலீஸ், தபால்காரர், நர்ஸ், பேண்டு வாத்தியக்காரர் என்று எல்லாருக்கும் நான் தைத்திருக்கிறேன். எல்லா யூனிஃபார்மையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள், அதே நூல், அதே கேன்வாஸ், அதே வியர்வைக் கறை. வெளியே தெரிகிற பளபளப்புக்குச் சல்யூட் அடிக்கிறவன் துணி தெரியாதவன். அதைப் போட்டுக்கொண்டு ஒருத்தர் என்ன செய்கிறார் என்பதில் வருகிறது மரியாதை. நேற்று அறுத்துத் தைத்த வயிற்றோடு உள்ளே முப்பது பேர் படுத்திருக்கிறார்கள், ஊர்த் தூசியெல்லாம் உள்ளே போகாமல் அவள் எட்டு மணி நேரம் நின்று பார்த்துக்கொள்கிறாள். அந்த முப்பது பேரில் உங்கள் அண்ணனும் ஒருவர் ஐயா. அவர் கிருமி தொற்றாமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதில் என் மகள் இழுத்து மாட்டிய சங்கிலிக்கும் பங்கு உண்டு.

கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். “இடுப்பில் ஊக்குக் குத்தின சட்டைக்கெல்லாம் என்ன மறியாதை வேண்டிக்கிடக்கிறது, அதுவும் டெய்லர் வீட்டுப் பெண்ணுக்கு.” அந்த ஊக்கைப் பற்றி நான் பிறகு எழுதுகிறேன். கம்பெனிக்காரன் ஆண்கள் அளவில் கொடுத்துவிட்டான், கடையில் வேலை நெருக்கடி, அது எங்கள் வீட்டு விஷயம். அவள் வீட்டுக்கு வரும்போது யூனிஃபார்மைப் பைக்குள் மடித்து வைத்து வேறு துணியில் வருவதையும் குத்திக் காட்டியிருக்கிறீர்கள். அது வசதிக்காக. உங்கள் கண்ணுக்கு இதெல்லாம் எப்படித்தான் படுகிறதோ.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். என் மகள் மன்னிப்புக் கேட்க மாட்டாள். வேலையை விட மாட்டாள். அந்தச் சட்டையின் அருமை தெரிந்த குடும்பம் எங்களுடையது, அதற்கு மரியாதை கொடுக்கத் தெரியாத வீட்டுக்கு நாங்களே பெண் கொடுக்கத் தயாராக இல்லை. கோட்டு என் கையில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பைப் பிரித்து விடத் தெரிந்த கைக்கு இறுக்கிப் பிடிக்கவும் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பு. உங்கள் அண்ணன் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். மாப்பிள்ளை நீண்ட நாள் நல்லபடி இருக்கட்டும். உங்களுக்கும் நல்ல புத்தியும், அதற்கு வேண்டிய ஆயுளும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் சம்பந்தியா என்று தெரியாத
டெய்லர்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதில் எங்கள் குடும்பத்தைப் பற்றி நான் பீற்றிக்கொண்ட வரிகளை எல்லாம் அடித்துவிடுங்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் டீக்கடைக்காரர் மூலம் கேள்விப்படுவீர்கள். மகளுக்காக இவ்வளவு காரமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறோமே, தபாலில் போடும் முன் அவளிடம் படித்துக் காட்டலாம் என்று, கழுத்தில் போட்ட டேப்போடு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தப் பக்கம் நான் போவது இதுதான் முதல் தடவை. நேராக நடந்தேன். சங்கிலி வந்தது.

“பாஸ் இருக்காப்பா?”

நான் உன் அப்பா என்றேன். தெரியும்பா, பாஸ் இருக்கா என்றாள். உனக்காகத்தான் இந்தக் கடிதமே எழுதியிருக்கிறேன் என்றேன். நாலு மணிக்கு மேலே வாங்கப்பா என்றாள். பின்னால் நின்ற கூட்டம் பார்க்கிறது, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உங்கள் கடிதத்தில் உள்ள அத்தனையும் என் வாயிலிருந்து வந்தது சம்பந்தி, ஒரு வார்த்தை மாறாமல். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. “நான் தைக்காத சட்டையெல்லாம் ஒரு யூனிஃபார்மா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “ஆமாப்பா, நீங்க தைக்கல” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் பாஸ் கேட்கத் திரும்பினாள். அப்போதுதான் முதுகுப் பக்கம் பார்த்தேன். நாலு ஊக்கு. அதில் ஒன்று வாய் திறந்து கிடந்தது.

கடையில் வேலை நெருக்கடி என்று மேலே எழுதியது பொய். எட்டு மாதத்துக்கு முன் இந்தச் சட்டையைக் கொண்டுவந்து இடுப்புப் பிடித்துக் கொடுங்கள் என்று அவள் கேட்டாள். இந்தக் கருமத்தை நான் தொட மாட்டேன், ஒரு மாதத்தில் நீயே விட்டுவிடுவாய் என்றேன். தெருவில் இதோடு வராதே, உடுப்பு மாற்றிக்கொண்டு வா என்றதும் நான்தான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. ஊர் யூனிஃபார்முக்கெல்லாம் காஜா எடுக்கிறவன் வீட்டுப் பெண், எட்டு மாதமாக ஊக்குக் குத்திக்கொண்டு நிற்கிறாள். குத்துகிறது என்று ஒரு நாள் சொன்னதில்லை. அந்தச் சட்டையை முதலில் அவமதித்தது நீங்கள் இல்லை, நான். உங்களுக்கு நான் எட்டு மாதம் சீனியர்.

வெட்கத்தோடு போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் ஏற்கெனவே உங்கள் மகன் உட்கார்ந்திருக்கிறார். கடை இடைவேளையில் தினமும் வந்து உட்காருவாராம், அவள் கையசைத்தால் பதிலுக்கு அசைத்துவிட்டுப் போவாராம். உள்ளே போனதே இல்லையா என்று கேட்டேன். “பாஸ் இல்லையே மாமா” என்றார். கல்யாணத்தை நிறுத்துவது, நடத்துவது எல்லாம் நம் கையில் இல்லை என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. உங்களுக்கும் புரிய வேண்டும் என்றால் வந்து உட்காருங்கள், அந்தப் பெஞ்சில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.

கோட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாது, மன்னிக்கவும். என் கடையில் முதலில் வந்தது முதலில். உங்கள் கோட்டுக்கு முன்னால் வந்த யூனிஃபார்ம் ஒன்று எட்டு மாதமாக வரிசையில் நிற்கிறது.