விறைத்த வடத்தை வெட்டிய கைனேஸ்

எனக்கு அறிவு உண்டு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை, நானாகவே நம்பிக்கொண்டிருந்தேன். எம்.எஸ்ஸி. முடித்த திமிர், தலையில் கொம்பு முளைக்காத குறைதான்.

களமசேரியில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்.டி.க்கு ஒரே ஓர் இடம் இருந்தது. உன் விஷயத்தைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியவைத்துக் காட்டு, இடம் தருகிறேன் என்றார். மட்டாஞ்சேரியில் எங்கள் தெரு ஓணக் கொண்டாட்டத்துக்கே அவரை அழைத்துவிட்டேன். (அடக்கமா? அது என்ன விலை?)

விஷயம் இதுதான். செல் பிரியும் முன், இரட்டையாக ஒட்டியிருக்கும் குரோமோசோமை இரு பக்கமிருந்தும் இழைகள் இழுத்து நடுவில் நிறுத்தவேண்டும். இரண்டு இழையும் ஒரே பக்கம் போய்விட்டால் விறைப்பு இருக்காது. அப்போது கைனேஸ் என்னும் புரதம் அந்தத் தப்பான பிடியைக் கழற்றிவிடும். விறைப்பாக இருந்தால் தொடாது.

ஓணத்துக்குக் கயிறு இழுக்கும் வடம்வலியை வைத்தே இதைக் காட்டத் திட்டம். தம்பி ரமேஷையும் பக்கத்து வீட்டு ஷாஜி சேட்டனையும் முதுகோடு முதுகாகக் கட்டி, இடுப்பில் ஆளுக்கொரு வடம். முதலில் இரண்டு வடமும் கிழக்கு அணியிடம். அது தப்பு, கைனேஸாகிய நான் ஒன்றை வெட்டுவேன். கையில் தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தி.

மைக்கைப் பிடித்த நான் விடவில்லை. பேராசிரியர் முகத்தையே பார்த்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். மேற்கு அணித் தலைவர் ஜோசேட்டனுக்கு வெறுங்கையோடு நிற்பது மானப் பிரச்சினை.

"எந்தா மோளே, ஞங்கள் சும்மா நிக்கணோ?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவில்லை. அவர் ஷாஜி சேட்டனின் வடத்தைக் கிழக்கு அணியிடமிருந்து பிடுங்கித் தன் பக்கம் கொண்டுபோய்விட்டார்.

இரு பக்கமும் இழுக்க, வடம் விண்ணென்று நின்றது. குரோமோசோம் அழகாக நடுவில். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் பிஎச்.டி. கையில்.

"அக்கா, இங்கே பாரு! சரியாயிடுத்து, வெட்டாதே!" என்று ரமேஷ் கத்தினான்.

"குறுக்கே பேசாதேடா!" என்று மைக்கிலேயே அதட்டிவிட்டு, ஷாஜி சேட்டனின் வடத்தில் ஒரே போடு.

மேற்கு அணி எட்டுப் பேரும் மல்லாந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தெருவுக்கே காய்ச்சி ஆறவைத்திருந்த பாயச உருளி. உருளிக்குப் பின்னால் கசவு வேட்டியில் பேராசிரியர். தாடியிலிருந்து ஒரு முந்திரியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"மோளே, உன்னைப் போலே ஒரு கைனேஸ் இருந்தால் பூமியில் மனுஷனே உண்டாயிருக்க மாட்டான்."

இடம் வேறொருவருக்குப் போயிற்று. அழுதேன். பாயசம் போனதற்காக அழுதவர்களோடு என் அழுகை கணக்கில் வரவில்லை.

இப்போது பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். வீட்டில் வரன் பேசினால், இரு தரப்பும் ஒத்துவரும் நேரம் பார்த்து அம்மா என் கையில் பையைத் திணித்து, "போய்க் கொத்தமல்லி வாங்கிண்டு வா. நன்னா இருக்கறதாப் பாத்து அறுத்துடுவே நீ" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன மாதம் ரமேஷுக்குப் பெண் நிச்சயமானது. மூன்று தரம் கொத்தமல்லி வாங்கினேன்.