கருப்பா, வெள்ளியா?

கதை எழுதும் துணிவு அடியேனுக்கு இதற்கு முன் ஏற்பட்டதில்லை. கற்றறிந்த வாசகர்கள் பிழை கண்ட இடத்தில் பொறுத்தருளுமாறு வணக்கத்துடன் வேண்டுகிறேன். யுத்தம் மூள்வதற்கு முந்திய வருஷம், ஏற்காட்டு மலையில் நாகலூரை அடுத்த ஒரு காப்பி எஸ்டேட்டில் நிகழ்ந்தது இது.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் குழந்தைவேல், தம் வீட்டு மேசைமேல் கருப்பில் ஒன்றும் வெள்ளி நிறத்தில் ஒன்றுமாக இருந்த இரண்டு கேமராக்களின் முன், எதை முதலில் தொடுவதென்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சீமைக்குத் திரும்பவிருந்த எஸ்டேட் துரை அவற்றைப் பட்லர் ஐயாக்கண்ணுவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"ரெண்டையும் நல்லாப் பாருங்க ரைட்டரய்யா. எது ஒசத்தின்னு சனிக்கிழமெ பங்களாவுக்கு வந்து சொல்லோணுமாம். அதுல ஒண்ணு உங்களுக்குத்தானுங்க. துரையே சொல்லிட்டாரு!" என்று கூறிவிட்டு ஐயாக்கண்ணு போய்விட்டான்.

குழந்தைவேலுக்கு உடல் சிலிர்த்தது. துரையின் கேமராப் பையைச் சுமந்தே காடெல்லாம் நடந்தவர் அவர். தம் சம்பளத்தில் இந்த ஜன்மத்தில் அப்படியொரு பொருளை வாங்க இயலாது என்பதையும் அறிந்தவர். போதாததற்கு, மலைச் சரிவெங்கும் காப்பி பூத்து வெள்ளை விரித்திருந்தது. இரண்டொரு நாளில் உதிர்ந்துவிடும். அதற்குள் ஒரு படமேனும் எடுத்துவிட வேண்டும்!

"ஏனுங்க, ரெண்டும் ஒரே மாதிரித்தான இருக்குது?" என்றாள் மனைவி சென்னம்மாள்.

"அப்படிச் சொல்லாதே! இந்தக் கருப்புல லென்ஸைத் திருகி மாட்டோணும். அந்த வெள்ளியில அமுக்கித் திருப்புனாப் போதும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு லென்ஸு, தூரத்துக்கு ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. இஷ்டம்போலக் கழட்டி மாட்டிக்கலாம்!"

"கண்ணெக் கழட்டி மாட்டறதா? நல்ல கூத்துங்க."

அவர் மனம் கருப்பிடமே சென்றது. அதன் நீண்ட லென்ஸை மாட்டினால், மஞ்சக்குட்டைச் சரிவில் பூத்த செடியும் வாசலுக்கே வந்து நிற்கும் என்று துரை சொல்லக் கேட்டிருந்தார். அந்த லென்ஸை மட்டும் பக்தியோடு கையில் ஏந்தி வாசலுக்கு வந்தார். மலைப்பனி உடனே அதன்மேல் படிந்தது. பதறிப்போய் வேட்டி நுனியால் துடைத்தார். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையை அதே வேட்டியில் துடைத்திருந்தது அப்போது அவர் நினைவில் இல்லை.

"எண்ணெதானுங்க? கொண்டாங்க," என்று வாங்கிப்போன சென்னம்மாள், எண்ணெய்க்குச் செய்ய வேண்டியதைக் குறைவறச் செய்தாள். சீயக்காய் போட்டுத் தேய்த்து, ஒரு செம்பு வெந்நீர் ஊற்றி அலசினாள்.

"அடிப்பாவி! உள்ளுக்குள்ள தண்ணி போயிருச்சே!"

"வெளிய பளபளன்னு இருக்குதில்லீங்க?"

வெளியே பளபளப்பாகவே இருந்தது. உள்ளேதான் மேகம் திரண்டிருந்தது. குழந்தைவேல் ஈரத்தைப் போக்க, லென்ஸை அடுப்புத் தணலின் ஓரம் வைத்துக் காத்திருந்தார். மேகம் கலைந்தது. கூடவே உள்ளிருந்த பசையும் இளகி, ஒன்றாக இருந்த கண்ணாடி இரண்டாகப் பிரிந்தது.

அடுத்தபடியாக, காப்பிப் பழம் உரிக்கும் மெஷினைப் பழுதுபார்க்கும் மூக்கன் வரவழைக்கப்பட்டான். லென்ஸைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இதென்னங்க பிரமாதம்! பல்பர் மெஷினையே பிரிச்சுப் பூட்டறவன் நானு."

பிரித்தான், பூட்டினான். தரையில் ஒரு பித்தளை வளையம் மிஞ்சிக் கிடந்தது.

"மூக்கா, இது எங்கிருந்து வந்தது?"

"வெள்ளக்காரன் எப்பவுமே ஒண்ணு சேத்தித்தான் வெப்பானுங்க. நீங்க மாட்டுங்க ரைட்டரய்யா."

மாட்டினார். தடுக்க வேண்டிய வளையம் இல்லாததால், லென்ஸ் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் உள்ளே சென்றுகொண்டே இருந்தது. கேமராவினுள் படச்சுருளை மறைத்திருந்த துணித்திரை கிழியும் ஓசை கேட்டது. அதற்குமேல் லென்ஸ் முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. இஷ்டம்போல் கழற்றி மாட்டும் கேமரா, எவராலும் கழற்ற முடியாத கேமராவாகிவிட்டது.

"இப்ப எப்படிங்க? அசைக்க முடியுதுங்களா?" என்று பெருமையோடு கேட்டுவிட்டு மூக்கன் விடைபெற்றான்.

சென்னம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "இனி என்னங்க பண்றது?"

"பண்ண என்ன இருக்குது? வெள்ளிதான் ஒசத்தி."

"காத்தால கருப்புத்தான் ஒசத்தின்னீங்க?"

"அது காத்தால."

"கருப்பு, துரைகிட்டத் திரும்பிப் போகுமே. பாத்துப்புட்டா வேலெ போயிருமுங்க!"

"கப்பலேறி நடுக்கடல்ல பார்ப்பார். நடுக்கடல்லேர்ந்து நம்ம ஊட்டுக்கு வர முடியுமா?"

சனிக்கிழமை வரை அவர் வெள்ளியைத் தொடவேயில்லை. தொட்டால் அதற்கும் என்ன நேருமோ என்ற அச்சம். இரண்டு கேமராக்களையும் தத்தம் பைகளில் இட்டு, வார் இறுக்கி, பங்களாவுக்குச் சென்றார்.

"எது நல்லது, ரைட்டர்?" என்றார் துரை.

"வெள்ளிதான், துரை! அதற்கு ஈடே இல்லை!"

"கருப்பு?"

"அதைப் பற்றிப் பேசவும் வேண்டாம், துரை. பையைத் திறப்பதே வீண்."

துரை மகிழ்ந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெள்ளியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். தமக்காகக் காகிதம் சுற்றித் தரப் போகிறார் என்று எண்ணிய குழந்தைவேல், அதை வாங்கிக்கொள்ள இரு கைகளையும் நீட்டியபடியே வராந்தாவில் காத்திருந்தார்.

ஐயாக்கண்ணு வந்து, அந்தக் கைகளில் கருப்புப் பையை வைத்தான்.

"இதில்லப்பா, வெள்ளி!" என்றார் குழந்தைவேல்.

"அதெப் பெட்டியில வெச்சுப் பூட்டியாச்சுங்களே! சீமைக்கு எதெ எடுத்துட்டுப் போறது, எதெ உங்களுக்கு உட்டுட்டுப் போறதுன்னு தெரியாமத்தானுங்க, உங்களெயே பாத்துச் சொல்லச் சொன்னாரு துரை!"

குழந்தைவேல் இழந்தவை: வெள்ளிக் கேமரா, அதன் இரண்டு லென்ஸ்கள், கருப்பின் நீண்ட லென்ஸ், கருப்பினுள் இருந்த துணித்திரை, அரைப்படி சீயக்காய், அந்த வருஷத்துக் காப்பிப் பூ முழுவதும்.