பதினான்கு விநாடி மௌனம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் உடம்பால் நலம். நீ, அத்தான், வாண்டு மூவரும் எல்லா விதத்திலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். வேண்டுவதுதான் இப்போது என் படிப்பே. அதிலும் நான் இரண்டாமிடம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நீ இங்கே வந்துபோனதும் எழுதிய கடிதத்தில் என் அறைத்தோழனைப் பற்றி ஏழு வரி எழுதியிருந்தாய். "எவ்வளவு சாந்தமான புள்ளைடா, என் பெட்டியை வாசல் வரைக்கும் தூக்கிட்டு வந்துச்சே!" என்னைப் பற்றி, "சாப்பிடுறியா?" அவ்வளவுதான். அந்தப் பெட்டியின் உடைந்த சக்கரத்தைக் கழற்றி மாட்டியது யார்? போகட்டும்.

லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டு இறையியல் படிக்க வந்து மூன்று வருடம். புதன்கிழமைதோறும் எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, கேட்டால் ஜெபித்துவிட்டு, வந்து அறிக்கை எழுத வேண்டும். கடைசி வருடம் முழுக்க அங்கேயே பணிசெய்ய ஒரே ஒருவரைத்தான் எடுப்பார்கள். எனக்கு அது வேண்டும் அக்கா. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன நாட்களில்தானே இந்த ஆசையே வந்தது? ஆனால் என் அறைத்தோழனும் கேட்டிருக்கிறான். அவன் ஒன்றுமே செய்வதில்லை! கட்டிலருகே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சும்மா இருக்கிறான். அதற்கே பொலபொலவென்று கண்ணீர் விடுகிறார்கள். நான் போனால், "தம்பி, இந்தக் கட்டில் தலைமாடு தூக்க மாட்டேங்குது, என்னன்னு பாரேன்." பார்க்காமல் எப்படி விடுவது? அடியில் மல்லாந்து படுத்துத் திருகாணி முறுக்குகிறேன். அவர் மேலே படுத்தபடி மகன் வந்து பார்க்காத கதையைச் சொல்கிறார். நான் வெளியே தலை நீட்டுவதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிடுகிறது. போன வார அறிக்கை: ஜெபம் இரண்டு, கட்டில் ஐந்து, மின்விசிறி ஒன்று. பேராசிரியர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டார். அவனுடையதில், "அருமை."

விடுவேனா? ஜெபிக்கும் முன் அவன் காக்கும் மௌனத்தைக் கடிகாரம் வைத்து அளந்தேன். பதினான்கு விநாடி, தலை இடப்பக்கம் கொஞ்சம் சாய்வு. வகுப்பில் ஜெபிக்க என் முறை வந்தபோது அப்படியே செய்தேன். ஆறாவது விநாடியில் பேராசிரியர், "மறந்துபோச்சா? தண்ணி குடிச்சிட்டு வா" என்றார். சரி, ஆஸ்பத்திரியில் பார்ப்போம் என்று ஒன்பதாம் கட்டில் அம்மாளின் கையைப் பிடித்துக் கண்ணை மூடினேன். பத்து விநாடி ஆகவில்லை, அந்தம்மா மணியை அடித்துவிட்டார். "சிஸ்டர், ஓடி வாங்க, இந்தப் புள்ளைக்கு மயக்கம் வந்துடுச்சு!" என்னைப் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நம்ம சாந்த சொரூபி ஓடிவந்து எனக்காக ஜெபித்தான். வார்டே அழுதது. ரத்த அழுத்தம் எனக்கு அப்போதுதான் ஏறியது.

நாளை பட்டியல் ஒட்டுவார்கள். முடிவு தெரிஞ்சதுதான். என் பழைய சூப்பர்வைசரிடம் பேசும்படி அத்தானிடம் சொல். லிஃப்ட் ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும். மனுஷன் ஏன் அழறான்னு எந்த வரைபடத்துலயும் போடலை. அவனை விசாரித்து இனி ஒரு வரி எழுதாதே.

அத்தானுக்கு வணக்கம், வாண்டுவுக்கு முத்தம். உன் வீட்டில் எதுவும் பழுதாகாமல் கடவுள் காக்கட்டும். ஆனாலும் கவலையில்லை, நான்தான் வந்துவிடப் போகிறேனே.

உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளதெல்லாம் ரத்து. மறுபடி எழுதப் பொறுமையில்லை. அத்தான் யாரிடமும் பேச வேண்டாம். பட்டியலில் என் பெயர்! ஏன் என்று பேராசிரியரிடமே கேட்டேன். "கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு நாங்க சொல்றதையெல்லாம் கேக்குமே, அந்தப் புள்ள எப்ப வரும்னு வார்டுல கேக்கறாங்கப்பா" என்றார். பீற்றிக்கொள்ள அறைக்கு ஓடினேன். பிரிண்டரில் தாள் சிக்கிவிட்டதாம். எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு அவன் குளிக்கப் போனான். சிக்கிய தாளைப் பார்க்காமல் எடுக்க முடியாது அக்கா. அவன் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதம்: "அவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவன் கையில் ஒரு ஸ்பேனராவது இருக்கிறது. வெறுங்கையோடு ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார எவ்வளவு பயமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது."

படுபாவி, பொறாமையைக்கூட என்னைவிட அழகாக எழுதியிருக்கிறான். இதிலும் நான் இரண்டாமிடம்.