நாலு டிராயரும் ஒரு சாலை மறியலும்

விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நாலு மர டிராயர்களைப் பஸ்ஸில் கொண்டு வர வேண்டும். வேலை அவ்வளவுதான்.

நான் அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் நூலகர். நூலகத்தை நவீனப்படுத்த முதல் தவணையாகக் கொஞ்சம் நிதி வந்திருந்தது. அதில் எல்லாப் புத்தகங்களுக்கும் கேட்லாக் கார்டு தயார் செய்தோம். ஒரு புத்தகத்துக்கு ஒரு கார்டு. மேலே ஆசிரியர் பெயர், ஓரத்தில் பகுப்பு எண், அடியில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக டிராயரின் நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி போகும். கார்டு எதுவும் கழன்று வராது.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வுக்குழு வருகிறது. அவர்களுக்குத் திருப்தி என்றால் அடுத்த தவணை வரும். அதில் பாடப்புத்தகங்கள் வாங்கலாம். பொருளாதாரப் பாடநூல் எங்களிடம் ஒரே பிரதி. வரிசையில் பன்னிரண்டு பேர். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள், தங்கள் முறை வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்பார்கள். அவர்கள் மிகைப்படுத்தவில்லை.

விழுப்புரத்தில் கார்டுகளை அடித்துத் தந்த தட்டச்சு ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சார், வழியில கம்பியை மட்டும் உருவாதீங்க."

எனக்கா சொல்கிறார்! பன்னிரண்டு வருட நூலகர் நான்!

பஸ்ஸில் என் பக்கத்தில் கமால் பாய். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். உளுந்தூர்பேட்டை தாண்டியதும் சும்மா இருக்காமல் முதல் டிராயரைப் புரட்டினேன். கரும்பு நோய்கள் பற்றிய புத்தகத்தின் கார்டு கவிதைப் பிரிவில் உட்கார்ந்திருந்தது. என்னால் மூச்சு விட முடியவில்லை.

கம்பியை உருவினேன். கார்டை இடம் மாற்றினேன்.

ஒன்றில் தப்பு இருந்தால் மற்றதிலும் இருக்குமே? இரண்டாவது கம்பியையும் உருவினேன். பிறகு மூன்றாவது. நான்காவது.

பாய் மெதுவாகக் கேட்டார். "சார், அந்தக் கம்பி எதுக்கு?"

"கார்டு விழாம இருக்கறதுக்கு."

"அப்ப ஏன் உருவுறீங்க?"

அவருக்கு நூல் பகுப்பின் அடிப்படைகளை விளக்கத் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்தில் டிரைவர் பிரேக் போட்டார்.

தியாகதுருகத்துக்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிப் போடப்பட்டிருந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் மும்முரமாக இருந்த காலம் அது. மரத்துக்கு அப்பால் நூறு பேர் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார்டுகள் பறந்தன! பாதி பஸ்ஸுக்குள். மீதி ஜன்னல் வழியாக மறியல்காரர்கள் தலைமேல்.

பதறிப்போய் இறங்கி ஓடினேன். என் கையில் நாலு இரும்புக் கம்பிகள் இருப்பது எனக்கு நினைவில்லை. அவர்களுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"டேய், ஒருத்தன் கம்பியோட வர்றான்டா!"

எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். கம்பிகளைக் கீழே போட்டேன். அதற்குள் ஒருவர் கார்டுகளைப் பொறுக்கிப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"அண்ணே, இதுல ஆளுங்க பேரா எழுதிக்கினு வந்திருக்கான். பேரு, இனிஷியலு, நம்பரு. போலீஸ் லிஸ்ட்டுண்ணே!"

"அய்யோ, இது லைப்ரரி..."

"இதோ பாருங்கண்ணே, ஒங்க பேரு! ஏழுமலை, கே.!"

கூட்டம் விலகியது. தலைவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, ஓங்குதாங்கான ஆள். பெயர் கே. ஏழுமலை. அதே பெயரில் ஒருவர் எழுதிய புத்தகம் எங்கள் நூலகத்தில் இருந்தது என் விதி.

"யாருய்யா நீ? எம்பேரு எதுக்கு ஒங்கிட்ட?"

"அது நீங்க இல்லீங்க. அவர் ஆசிரியர். பாருங்க, பொறந்த வருஷம்கூடப் போட்டிருக்கு."

"நான் எப்பப் பொறந்தேன்னு எங்கம்மாவுக்கே தெரியாது. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

 அவர் கார்டைக் கண்ணருகே கொண்டு போனார்.

"வருஷத்துக்குப் பின்னால ஒரு கோடு இழுத்து சும்மா வுட்டிருக்கியே. அது இன்னா?"

இங்கே எந்தப் புத்திசாலியும் பொய் சொல்லியிருப்பான். உலகத் தரத்தில் கார்டு இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களின் பிறந்த வருடங்களைத் தேடித்தேடிப் போட்டவன் நான். வாய் தானாகத் திறந்தது.

"அது எறந்த வருஷம் எழுதறதுக்கு விட்ட எடங்க."



"நான் சாவறதுக்கு எடம் வுட்டு வெச்சிருக்கியா!"

அன்று என்னைக் காப்பாற்றியது கமால் பாய். நாலைந்து கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக வந்தார்.

"அண்ணே, சார் காலேஜ்ல புக்கு பாத்துக்கறவரு. எனக்குத் தெரியும். இதைப் படிங்க. ஃபுல்லா வெள்ளைக்காரன் பேரு. இவனுங்களையுமா போலீஸு புடிக்கப்போவுது?"

ஏழுமலை படித்தார். மெல்லச் சிரித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அது நிலைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கருணாபுரம் அஞ்சலை. நடவு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்.

"அந்தக் காலேஜு லைப்ரரி சாரா நீங்க? எம்பொண்ணு அங்கதான் படிக்குது. பொஸ்தவம் கேட்டா ‘அடுத்த மாசம் வா’ன்னு சொல்றது நீங்கதானா?"

"ஒரே புத்தகம்தாம்மா இருக்கு..."

"பக்கம் பக்கமாப் பாத்து எழுதி எழுதி அதுக்குக் கை வீங்கிக்கினு கெடக்குது சார்."

மறுநாள் வரும் குழு, நிதி, பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்றேன்.

ஏழுமலை யோசிக்கவே இல்லை. "காலேஜ்ல சீட்டு குடுன்னுதான் நாங்க ரோட்ல குந்திக்கினு இருக்கோம். உள்ள போனா பொஸ்தவம் இல்லன்னா எப்பிடி? டேய், ஒண்ணு வுடாம பொறுக்குங்கடா! சாயங்காலம் வரைக்கும் பஸ் எதுவும் போவாது."

நூறு பேர் பொறுக்கினார்கள். வயல் வரப்பு, புளியமரக் கிளை, பஸ்ஸின் கூரை, எதையும் விடவில்லை. துண்டுகளை ரோட்டில் விரித்துக் குவித்தார்கள்.

நான் ஒரு மைல்கல்லின் மேல் ஏறி நின்று, முதல் எண்ணை வைத்துப் புத்தகத்தின் துறையைச் சொல்லும் தசமப் பகுப்பு முறையை விளக்கினேன். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எதிரில் ஓர் ஆடு மட்டும் நின்றிருந்தது.

மற்றவர்கள் அஞ்சலையிடம் போயிருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் எண்ணின் உருவத்தை மட்டும் பார்த்து, நாற்று முடிகளைப் பிரித்துப் போடுவதுபோல வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொக்கி மாதிரி இருக்கறது இந்தப் பக்கம். ரெண்டு முட்டை இருக்கறது அந்தப் பக்கம்."

நானும் குனிந்து ஒரு கார்டுக் கட்டை ஒன்பதில் போட்டேன். கையைத் தட்டிவிட்டார்.

"தலைகீழாப் போடறீங்களே சார்! ஓட்டை அடியில வரணும்னு நீங்கதான சொன்னீங்க? அது ஆறு!"

மூன்று மணிக்குள் எல்லாம் பிரிந்துவிட்டது. நான் டிராயர்களில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஏழுமலை வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்த முழு டிராயரு இன்னா?"

"வரலாறுங்க."

"விவசாயம் எங்க?"

காட்டினேன். ஒரு விரற்கடை இருந்தது.

"செத்துப்போன ராஜாவுக்கு ஒரு முழு டிராயரு. உசுரோட கீற விவசாயிக்கு ஒரு வெரக்கடையா?"

"இருக்கற புத்தகத்துக்கு ஏத்த மாதிரிதாங்க எடம்..."

"இதையேதாண்டா நமக்கும் சொல்றானுங்க!" என்றார் கூட்டத்தைப் பார்த்து. கைதட்டல் காதைப் பிளந்தது. "ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி குடு சார்! இந்த மாவட்டத்துல ராஜா ஜாஸ்தியா, விவசாயி ஜாஸ்தியா?"

புள்ளிவிவரம் அவர் பக்கம் இருந்தது. இருந்தாலும் நூலகவியலின் மானத்தைக் காக்க வாயைத் திறந்தேன். டிரைவர் முந்திக்கொண்டார்.

"குடுத்துத் தொலைங்க சார்! எனக்குப் பசிக்குது."

கொடுத்தேன். விவசாயத்துக்கு ஒரு முழு டிராயர். உள்ளே ஒரு விரற்கடை கார்டு, மீதி காற்று. இலக்கியம், தத்துவம், அறிவியல் எல்லாம் ராஜாக்களோடு சேர்ந்து மூன்று டிராயர்களில் மூச்சுத் திணறின. ஏழுமலை தன் கையாலேயே நாலு கம்பிகளையும் செருகினார். மரத்தை இழுத்துப்போட்டு, முதலில் எங்கள் பஸ்ஸுக்குத்தான் வழிவிட்டார்கள்.

இரவு டிராயர்களை நூலக பீரோவில் செருகிவிட்டு, காலையில் சீக்கிரம் போய் மாற்றி அடுக்கிவிடலாம் என்று இருந்தேன். பத்து மணிக்கு வர வேண்டிய குழு எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.

குழுத் தலைவர் சென்னையிலிருந்து வந்த வயதான பேராசிரியர். பீரோவில் நாலு டிராயர் இருக்க, நேராக அதைத்தான் இழுத்தார்.

"என்ன இது? ஏறக்குறைய முழுசும் காலியா இருக்கு?"

கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பணி ஓய்வு தெரிந்தது.

"வந்து... விவசாயம் சார். இங்க எல்லாரும் விவசாயக் கூலிங்களோட பிள்ளைங்க. அவங்க எண்ணிக்கைக்கு இவ்வளவு எடம் வேணும் சார். புத்தகம்தான் இல்லை."

"பாடப்புத்தகம்?"

"அதுவும் இல்லை சார். ஒண்ணுக்குப் பன்னிரண்டு பேர்."

அவர் டிராயரை மூடவில்லை. மற்ற உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"போற காலேஜ்ல எல்லாம் டிராயர் நெறைஞ்சு வழியுது. எதுக்குப் பணம் கேக்கறாங்கன்னே புரியலை. இங்கதான் என்ன தேவைன்னு கண்ணுக்குத் தெரியுது."

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. விவசாயப் புத்தகங்களும், வருடம் முழுக்க மாணவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பாடநூல்களும் வாங்கினோம். முதல் பொருளாதாரப் பாடநூலை அஞ்சலையின் மகள் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள். கை வீக்கம் வடிந்திருந்தது.

அதற்குப் பிறகு நான் புத்தகம் கேட்டு விண்ணப்பம் எழுதுவதே இல்லை. காலி டிராயர் மட்டும்தான் கேட்பேன்.