ஓடுவதில் ஏறாத ஸ்டிக்கர் அக்கா

ஓடிக்கொண்டிருக்கும் எதிலும் கால் வைக்காமலே ஐம்பது வயதைக் கடந்த ஒரே மனிதப் பிறவி, எங்கள் ஊரான ஊரிகத்தின் ஸ்டிக்கர் அக்காதான். பூமி சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே அவர் அதிலிருந்து இறங்கியிருப்பார். இறங்க இடமில்லாமல் போய்விட்டது.

காரணம் அவருடைய நைனா, அதாவது அப்பா. தங்கச் சுரங்க வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் அந்த இரும்புக் கூண்டுக்கு ஒரு விதி உண்டு. கேஜ் நிற்க வேண்டும், நின்ற பிறகு ஆள் ஏற வேண்டும், கம்பிக் கதவு சாத்தி மணி அடித்த பிறகே அது அசைய வேண்டும். நகரும் கேஜில் ஒரு கால் வைத்தவனுக்கு இன்னொரு காலை வைக்க நேரம் கிடைக்காது. அந்த வீட்டில் சோற்றுக்கு முன்னால் இதுதான் பரிமாறப்பட்டது. சுரங்கம் மூடியது, நைனாவும் போய்ச் சேர்ந்தார், கேஜ் இறங்கிய ஷாஃப்ட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அக்காவுக்குள் மட்டும் ஷிஃப்ட் முடியவில்லை.

எங்கள் ஊர் டவுன் பஸ் நிற்காது, வேகத்தைக் குறைத்துப் பெருந்தன்மை காட்டும். அக்கா அசைய மாட்டார்.

"மெதுவாத்தானே போவுது, ஏறும்மா" என்பார் கண்டக்டர்.

"மெதுவா செத்தாலும் சாவுதான். நிறுத்துய்யா."

நிறுத்துவார்கள். பெங்களூரு மெட்ரோவில் ஒருமுறை நகரும் படிக்கட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். பின்னால் வரிசை தெருவரைக்கும் நீண்டது. காவலாளி "ஹத்தம்மா, ஹத்து" என்று ஏறச்சொல்லிக் கெஞ்சினார். அக்காவும் கன்னடத்திலேயே "நில்லிசப்பா", நிறுத்தப்பா என்றார். கடைசியில் பட்டனை அழுத்திப் படிக்கட்டையே நிறுத்தினார்கள். ஒவ்வொரு படியாக ஏறி மேலே போய், திரும்பி, "ஈக ஓட்சு", இப்போது ஓட்டு என்று உத்தரவு கொடுத்தார். படிக்கட்டு மறுபடி ஓடியது. அத்தனை பெரிய நகரம் ஒரு நிமிடம் எங்கள் ஊர் மணிக்குக் கட்டுப்பட்டு நின்றதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஊரிகம் ஸ்டேஷனுக்கு எதிரில் அவருடைய கடை. வண்டி நம்பர், ஆட்டோ முதுகு, கடைப் பெயர் எல்லாவற்றையும் வண்ண ஸ்டிக்கர் தாளில் வெட்டி எடுத்துத் தரும் ஒரு கிழட்டு மிஷின். தங்கம் பிரித்த பின் கொட்டிய சயனைடு மண்மேட்டின் தூசியைத் தின்று வளர்ந்தது. பழைய காலத்துத் தடித்த கேபிள் வழியாக மட்டுமே பேச்சுக் கேட்கும். அந்தக் கேபிளைச் செருக வாய் இருந்த ஒரே கம்ப்யூட்டர், ஒரு மத்தியானம் கரண்ட் போய் வந்ததில் கருகிவிட்டது.

கருகிய வாசம் அடங்குவதற்குள் பெங்களூரில் இருக்கும் தங்கை புருஷன் போன் செய்துவிட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கடைய மூடிடுங்கக்கா. கார்மெண்ட்ஸ்ல சொல்லி வெச்சிக்கீறேன். வர்ற திங்கட்கெழம வந்து சேந்துக்கோங்க. ஊரே ரயிலேறிப் போவுது, உங்களுக்கு இன்னா?"

"ஊரு போவட்டும். ஒருத்தராவது ஊர்ல இருக்கணுமா வேணாமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மிஷின் பேசாவிட்டால் திங்கட்கிழமை விடியற்காலை தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்களோடு அவரும் அந்த ரயிலில் தொங்கத்தான் வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போதாக்குறைக்கு மாரிகுப்பம் புத்த விகாரையின் செயலாளர் வந்தார். புத்த பௌர்ணமிக்குப் புதுப் பெயர்ப்பலகை வேண்டும்.

"மிஷினு போயிடுச்சாமேம்மா. பெங்களூர்ல சொன்னா ஒரே நாள்ல ஃப்ளெக்ஸ் அடிச்சுக் குடுக்குறான்."

"ஃப்ளெக்ஸு ஒரு வெயிலுக்கு வெளுத்துடும்ணா. புத்தரு வெளுக்கலாமா?"

செயலாளர் யோசித்தார். "சனிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல என்னிய ஒண்ணும் சொல்லக் கூடாது."

என் ஆபீஸில் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். தடித்த கேபிளுக்கு அதிலும் வாய் கிடையாது. ஆனால் விலாவில் ஒரு பொந்து இருந்தது. அதில் எக்ஸ்பேன்ஷன் கார்டு ஒன்றைச் செருகினால் அந்தக் கார்டே வாயாகிவிடும். கார்டைப் பெங்களூரில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன்.

லேப்டாப்பைத் திறந்ததும், உள்ளே இருந்த மென்பொருள் 'உங்கள் பிரதி அசல் அல்ல' என்று திரையில் எழுதிக் காட்டியது.

"நான் அசலு. நீ கெளம்பு" என்று அதை அழித்துவிட்டு அக்கா லினக்ஸைப் போட்டார். யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் யாரையும் அசலா என்று கேட்க முடியாது என்றதும் அவருக்கு அதன்மேல் சொந்தமே வந்துவிட்டது. இணையத்தைப் படித்துப் படித்து, கார்டுக்கு வேண்டிய நிரலை இறக்கி, கருப்புத் திரையில் ஒற்றை விரலால் கட்டளை தட்டினார். லேப்டாப் பதில் சொன்னது: பொந்து இருக்கிறது, கார்டு இல்லை.

"இல்லியாம். அப்ப உள்ள கீறது இன்னா, கருவாடா?"

அன்றிலிருந்து அது ஒரு பூஜை. லேப்டாப்பை முழுக்க அணைப்பார். கார்டைச் செருகுவார். ஆட்காட்டி விரலை மடக்கி, நைனாவின் கேஜ் மணி மாதிரி மேஜையில் மூன்று தட்டு. பிறகுதான் பவர் பட்டன். அந்த வாரத்தின் மிச்ச நாளெல்லாம், தினம் நாலைந்து தடவை. எத்தனை தடவை எழுப்பினாலும் அது எழுந்து, கொட்டாவி விட்டு, கார்டு இல்லை என்றது. இணையக் குழு ஒன்றில் அக்கா கேள்வி போட்டார். பதிலே இல்லை.

சனிக்கிழமை எனக்கு லீவு. மதியம் கடைக்குப் போனபோது அக்கா திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் தெரியாத எவனோ, எந்த நாட்டிலிருந்தோ, இரண்டே வரி எழுதியிருந்தான். இந்த மாடல் லேப்டாப் எழும்போது கார்டு உள்ளே இருந்தால் அதைக் கண்டுகொள்ளாது. முழுக்க எழுந்து ஓடும்போது செருகுங்கள்.

"இன்னா சொல்றான் பாத்தியா? ஓட்ற கேஜ்ல ஏறச் சொல்றான்."

"அக்கா, இது கேஜ் இல்ல."

"பொந்து கீது, உள்ள போவுது, வெளிய வருது. வேற இன்னாவாம்?"

வாதத்தில் ஓட்டை இல்லை. மணி மூன்றானது. மேட்டுக் காற்று ஷட்டரை ஆட்டியது. மூன்றரை. லேப்டாப் முழுக்க எழுந்து, மின்விசிறி முனக ஓடிக்கொண்டிருந்தது. கார்டு அக்காவின் கையில். பொந்தின் வாய்வரை கொண்டுபோவார், இழுத்துக்கொள்வார். டவுன் பஸ்ஸை நிறுத்தியவர், படிக்கட்டை நிறுத்தியவர். அன்றைக்கு ஒரு சின்னக் கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போடட்டுமாக்கா?"

"தள்ளு."

எழுந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த நைனாவின் போட்டோவைப் பார்த்தார். சண்டைக்கு நிற்பவர் போல முந்தானையை இடுப்பில் செருகினார்.

"நைனா, நீ சொன்னது மனுசனுக்கு. இது கார்டு. செத்தா காசோட போவும்."

மேஜையில் மூன்று தட்டு. கண்ணை மூடிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த அந்த லேப்டாப்புக்குள் கார்டைத் தள்ளினார்.

கருப்புத் திரையில் ஒரு வரி ஊர்ந்தது. அதன்கீழே இன்னொன்று. கார்டின் பெயர், அது தரும் வாயின் பெயர். கேபிளை மாட்டியதும் கிழட்டு மிஷின் 'க்ர்ர்' என்று தொண்டையைச் செருமி, கத்தியை ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தயாராக வைத்தது. அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?"

சோதனைக்கு ஒரு சொல் வெட்ட வேண்டும். நான் 'வணக்கம்' என்றேன். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிவப்புத் தாளை ஏற்றி, என்னவோ தட்டினார். கத்தி குனிந்து, வளைந்து, சுழித்து ஓடியது. வேண்டாத தாளை உரித்து எடுத்ததும் உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியது:

வர மாட்டேன்.

தங்கை புருஷனுக்குப் பதில். அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, நேராக விகாரைப் பலகையில் இறங்கினார். ஐந்து மணிக்குச் செயலாளர் வந்தபோது நீலப் பலகையில் கடைசி எழுத்தை மரத்துண்டால் தேய்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார், விளிம்பில் நகத்தால் கீறியும் பார்த்தார். ஒன்றும் பெயரவில்லை.

"ஃப்ளெக்ஸ்காரன வரச் சொல்லிட்டனேம்மா."

"வரட்டும்ணா. போர்டப் பாத்து, கும்பிட்டுட்டுப் போவட்டும்."

நான் கிளம்பும்போது "நில்லு" என்றார். நின்றேன். அந்தச் சிவப்புச் சொல்லை என் ஆபீஸ் பையின் முதுகில் ஒட்டி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்தார். "தெனம் போறல்ல. எனக்கும் சேத்து நீயே சொல்லிட்டு வா."

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பை என்னோடு ரயிலேறுகிறது. "இன்னா சார், வர மாட்டேன்னு எழுதி வெச்சிக்கினு தெனமும் வர்றீங்க?" என்று பெட்டியே சிரிக்கும். பங்காருப்பேட்டை தாண்டியதும் கூட்டம் நெரிக்கும், பை உரசும், எழுத்தின் ஓரம் கொஞ்சம் எழும்பும். பையை மடியில் வைத்து, கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி ஒட்டிவிடுவேன்.