அண்ணனுக்கு ஒரு கோடரி

"கோடரி எதுக்குங்க?"

"எங்க அண்ணனுக்காக."

இரும்புக்கடைக்காரர் நீட்டிய கைக்கோடரியைப் பட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

தையல்காரர் பதறிப்போனார். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க சண்டையை இன்னைக்கோட முடிச்சிடலாம்னுதான்."

"அதான் தெரியுதே!"

"வெட்டுறதுக்கு இல்லைங்க. புதைக்கிறதுக்கு."

கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. "யாரை?"

ஒருவழியாகக் கோடரி கைக்கு வந்தது. தையல்காரர் தெருமுனை திரும்பியதும் கடைக்காரர் செய்த முதல் காரியம், அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டதுதான்.

சண்டை பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஒரு பேன்ட்டால் வந்தது. அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்ற நாளில், தம்பி தைத்துக் கொடுத்த பேன்ட் மேடையில் உட்காரும்போது டர்ரென்று கிழிந்துவிட்டது. "என் தம்பி தையல் இவ்வளவுதான்" என்றார் அண்ணன், மைக் இருப்பதை மறந்து. "தையல்ல குறையில்லை, அளவு குடுத்த அப்புறம் அவரு இடுப்பு சும்மா இருந்திருக்கணும்" என்றார் தம்பி, மைக் இல்லாமலேயே எல்லாருக்கும் கேட்கும்படி. அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷம். அடுத்தடுத்த வீடு, இரண்டுக்கும் பொதுவாக ஒரே பின்முற்றம், ஒரே துணிக்கொடி.

இப்போது அண்ணனும் அண்ணியும் நாளைக் காலையில் மகன் வீட்டோடு போய்விடப் போகிறார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது. இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

மன்னிப்பு கேட்கலாம். ஆனால் அந்த வார்த்தை தையல்காரருக்குத் தொண்டையில் குண்டூசி மாதிரி குறுக்கே நிற்கும். அப்போதுதான் மகள் சொன்னாள்.

"அப்பா, இங்கிலீஷ்ல சமாதானம் ஆகுறதைக் கோடரியைப் புதைக்கிறதுன்னு சொல்வாங்க."

"புதைச்சா துருப்பிடிக்காதா?"

"பிடிக்கட்டும்னுதான்பா! அமெரிக்காவுல ரெண்டு பழங்குடிக் கூட்டம் சண்டையை நிறுத்தினா, ரெண்டு பக்கமும் ஒண்ணா நின்னு ஆயுதத்தை மண்ணுல புதைச்சிடுவாங்களாம். அதுலேர்ந்து வந்த பேச்சு."

"அப்ப வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாமா?"

"புதைச்சாலே சொன்ன மாதிரிதான்."

தையல்காரருக்கு அந்தப் பழங்குடி மக்கள் மேல் அளவில்லாத மரியாதை வந்துவிட்டது.

சாயங்காலம் கோடரியோடு பின்முற்றத்துக்கு வந்து நின்றார். அண்ணன் வீட்டுக் கதவு மூடியிருந்தது. அவரைப் பார்த்ததும் உள்ளே இன்னொரு தாழ்ப்பாளும் விழுந்தது.

"அண்ணே!" என்றார். மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. குரல் உடைந்து, கேட்பதற்கு உறுமல் போலிருந்தது. "வெளிய வாங்கண்ணே! கோடரியோடதான் வந்திருக்கேன், பயப்படாதீங்க!"

மூன்றாவது தாழ்ப்பாள் விழுந்தது.

மாடிவீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க இது! கூடப் பிறந்தவரைப் போய்..."

"ஐயோ, ஒண்ணும் பண்ண மாட்டேங்க. அவரு வந்து பக்கத்துல நின்னா போதும். ஒரு நிமிஷ வேலை."

"கேட்டீங்களா! ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவாராம்!" மாடிவீட்டுக்காரர் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று தையல்காரருக்குத் தோன்றியது. கடப்பாரையை எடுத்துக் கொய்யா மரத்தடியில் தோண்ட ஆரம்பித்தார்.

"குழி தோண்டுறார்! குழியே தோண்டுறார்!"

இதற்குள் சுவரோரம் நாலைந்து தலைகள். மகள் ஓடிவந்தாள். "அப்பா, என்ன பண்றீங்க?"

"நீ சொன்னதைத்தான்மா பண்றேன்!"

"இவளுமா கூட்டு!" என்றது ஒரு தலை.

தையல்காரர் காதில் எதையும் வாங்கவில்லை. வேர்வையும் கண்ணீரும் மூக்கு நுனியில் ஒன்றாகச் சொட்ட, தோண்டிக்கொண்டே மூடிய கதவோடு பேசினார். மூன்று வருஷமாகப் பேசாததெல்லாம் வந்தது.

"தையல் என் தப்புதாண்ணே. ஒத்தைத் தையல் போட்டேன். அவசரத்துல ரெண்டாவது போடலை. உங்க இடுப்பு... உங்க இடுப்பு அப்படியேதான் இருந்துச்சு. நீங்க போயிட்டா இந்தக் கொடியில யாரு துணியைத் தள்ளிவிட்டுட்டு நான் என் துணியைக் காயப்போடுவேன்?"

சுவரோரத் தலைகளில் ஒன்று மூக்கை உறிஞ்சியது.

டங்!

கடப்பாரை எதிலோ இடித்தது. குனிந்து மண்ணைத் தள்ளினார். உள்ளே, பழைய பேப்பரில் சுற்றி, துருவேறிப்போய், ஒரு கைக்கோடரி கிடந்தது.

தையல்காரர் அதைப் பார்த்தார். தன் பக்கத்தில் பளபளத்த புதுக் கோடரியைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் மகளைப் பார்த்தார்.

"என்னைப் பார்க்காதீங்கப்பா. எனக்கு அந்தக் கதையைச் சொன்னதே பெரியப்பாதான்" என்றாள் அவள், மெதுவாக.

தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அண்ணன் படியில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. தம்பியைப் பார்க்காமல், மழை வருமா என்பது போல வானத்தைப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால் இருந்து அண்ணிதான் சொன்னாள்:

"சண்டை போட்ட மறுநாளே அவரு தனியா வந்து அதைப் புதைச்சிட்டாரு தம்பி. தான் சமாதானம் ஆன அப்புறமும் நீங்க வந்து பேசலையேன்னுதான், இந்த மூணு வருஷமும் கோவம்!"