நாலு மணிக்கு இரண்டு

திண்டுக்கல்,
புதன்கிழமை.

திருக்குடும்பத்தின் காவலில் நலமாயிருக்க வேண்டிய தங்கை மகன் சார்லஸுக்கு, பெரியம்மா ஜெயமேரி எழுதுவது. இங்கே நானும் உன் பெரியப்பாவும் சுகம். பத்துக்கு எத்தனை சுகம் என்று திரும்பக் கேட்டுவிடாதே.

மனுசருடைய சந்தோசமும் துக்கமும் ஒரு நாளில் எப்போது ஏறுது, எப்போது இறங்குது என்று ஆராய்ச்சி பண்ண நாற்பது பெண்கள் வேணும், ஒருத்தி குறைந்தாலும் கைடு ஒத்துக்கொள்ள மாட்டார் என்று போனில் அழுதாய். வெயிலில் அலைந்து, வாராவாரம் வீடு மாற்றிச் செபத்துக்குக் கூடும் நம் அன்பியத்தில் பிடித்துக் கொடுத்தேன், என்னையும் சேர்த்து நாற்பது. ஏழு நாளைக்கு, தினம் ஆறு தடவை போன் மணியடிக்கும், அந்த நிமிசத்து மனசுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடணும் என்றாய். காலை ஆறு மணிக்கு அடித்தால் எவள் எடுப்பாள் அப்பு? அது குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பதினொன்றுக்கு அடுப்படி. ஆகவே எல்லோரும் சாயங்காலம் செபமாலை முடிந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து, ஆறையும் ஒரே மூச்சில் போட்டார்கள்.

"ஏக்கா, காலைக்கு என்ன போட?" என்று கேட்டாள் சேவுகம்பட்டி கிளாரா.

"எட்டு போடுடி," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மத்தியானத்துக்கு?"

"அதுக்கும் எட்டு. கொறைச்சுப் போட்டா ஒன் மாமியா போனைப் பாத்துட்டு, இந்த வீட்ல ஒனக்கு என்னடி கொறைன்னு கேக்கும்."

நான் ஒருத்திதான் மணியடித்த அந்தந்த நேரத்தில் உள்ளதைப் போட்டேன். காலை ஏழு. பூசைக்குப் பிறகு எட்டு. நாலு மணிக்கு இரண்டு. ஏழு நாளும் நாலு மணிக்கு இரண்டுதான். வேலை ஓய்ந்து நான் சும்மா உட்காருகிற நேரம் அது. உன் பெரியப்பா பக்கத்தில்தான் இருப்பார், டிவியோடு. முப்பத்திரண்டு வருசத்தில் அந்த நேரத்தில் 'எப்படி இருக்கே' என்று என்னைக் கேட்டது உன் மணி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்ன சொன்னாய்? "பெரியம்மா, ஒங்க நம்பர் மட்டும் ஒத்து வரல, கிராப்ல கோடு கெட்டுப்போகுது, எடுத்துட்டேன்." ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பதில் கையில் இருக்கிறது என்று பெருமை வேறு. ஒருத்தியை நாற்பத்திரண்டு தடவை கேட்டால் அவள் நாற்பத்திரண்டு பேர் ஆகிவிடுவாளா? எட்டாவதோடு நின்ற எனக்கே இது தெரிகிறது. எத்தனை பேர் வேணும் என்று அம்புட்டுக் கணக்குப் போட்டவன், மெய் சொல்கிறவள் எத்தனை பேர் வேணும் என்று போட்டாயா? இருந்தது ஒருத்தி. அவளையும் எடுத்துவிட்டாய்.

என் இரண்டைத் திரும்ப வை. இல்லையென்றால் உன் கைடுக்கே எழுதுவேன்.

மாதா உனக்கு நல்ல புத்தியும் நல்ல வேலையும் வாங்கித் தரட்டும். உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
பெரியம்மா ஜெயமேரி

பி.கு.: உன் அம்மா இப்போதுதான் போன் பண்ணினாள். ஒரு ஆள் குறைகிறது என்று கைடு உன் ஆராய்ச்சியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம், நீ இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். அவருக்கு எழுதவில்லை. என்னைச் சேர்த்துக்கொள். நாலு மணிக்கும் எட்டு என்று போட்டுக்கொள். சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன்.